பிரேக் பார்ப்பவன்

“சாமி இல்லைன்னு முடிவு கட்டிட்டா, அப்புறம் மூளைக்கு என்னப்பா வேலை? பாதி ஷட்டர் போட்ட கடைதான்!”

பிரேக் மெக்கானிக்கை இப்படிச் சீண்டாமல் பஸ்ஸை எடுக்கவே மாட்டார் டிரைவர்.

“முடிவு கட்டினது நீங்கண்ணே. நான் கேள்விதான் கேட்கிறேன்” என்பான் இவன்.

அன்று மேனேஜர் கூப்பிட்டார். டிப்போவில் ஆள்குறைப்பு நடந்துகொண்டிருந்த நேரம்.

“டிரைவர் உன்னைப் பத்தி எழுதிக் கொடுத்திருக்கார்.”

இவன் முந்திக்கொண்டான். “சாமி கும்பிடாதவனை வேலையை விட்டுத் தூக்கச் சொல்றாரா சார்? அந்த ஆளுக்குப் புத்தி அவ்வளவுதான்!”

“முதல்ல படிப்பா.”

படித்தான்.

‘யாரை வேலையை விட்டு அனுப்பினாலும் இவனை அனுப்பாதீர்கள். மற்றவர்கள் ஆண்டவன் பார்த்துப்பான் என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். இவனுக்கு அந்த வசதி இல்லை. பிரேக்கை மறுபடியும் கழற்றிப் பார்க்கிறான். என் முதுகுக்குப் பின்னால் நாற்பது பேர் உட்கார்ந்து வருகிறார்கள்.’

“உன் வேலைக்கு ஆபத்தில்லை. போ” என்றார் மேனேஜர்.

எதையும் சோதிக்காமல் நம்பாதவன், டிரைவர் கோள்தான் சொல்லியிருப்பார் என்பதை மட்டும் அப்படியே நம்பியிருந்தான்.

வெளியே டிரைவர் நின்றிருந்தார்.

“அண்ணே, டீ சொல்லியிருக்கேன். சாமி இருக்குன்னு எதை வச்சு சொல்றீங்க? இன்னைக்குக் குறுக்கே பேசாமக் கேட்கிறேன்.”