முழுக் காரணம்

"எங்கே உங்க எடிட்டரம்மா? இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்க்காம நான் இங்கிருந்து நகரமாட்டேன்!"

புது இதழை மேஜைமேல் பொத்தென்று போட்டார் அந்த அம்மாள். உதவி ஆசிரியைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வேலைக்குச் சேர்ந்து ஒன்பதே நாள். அதற்குள் சண்டைக்கு ஆள் வந்தாயிற்று.

"மீட்டிங்ல இருக்காங்கம்மா. உட்காருங்க. என்ன விஷயம்?"

"அட்டையில சிரிக்கிறாளே, டிவியில வானிலை சொல்றவ, அவ என் பொண்ணு. 'என் வெற்றிக்கு முழுக் காரணம் என் மாமியார்தான்'னு சொன்னாளாமே! கல்யாணமாகி முழுசா ஆறு மாசம் ஆகலை. சின்ன வயசுல அவளுக்குப் பேச்சு திக்கும். தினமும் சாயங்காலம் பேப்பரைக் கையில கொடுத்து, தொண்டை கட்டக் கட்டக் கூடவே வாசிச்சவ நான். எனக்கு ஒரு வரி கிடையாதா?"

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அவகிட்ட கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறா. அவதான் அப்படிச் சொன்னாளா? அதை மட்டும் சொல்லும்மா, போயிடறேன்."

உதவி ஆசிரியைக்கு மனசு கேட்கவில்லை. உள்ளறைக் கதவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. பேட்டியை டைப் பண்ணினதே நான்தான். 'எல்லாம் எங்கம்மா'ன்னுதான் உங்க பொண்ணு சொன்னாங்க. எடிட்டரம்மாதான் அதை அடிச்சிட்டு மாமியாரைப் போட்டாங்க."

"ஏனாம்?"

"இங்கே எல்லாருக்கும் இதே கதைதான்மா. இந்தக் குட்டி நாட்டுல பிரபலங்களே மொத்தம் பத்துப் பன்னிரண்டு பேர். அவங்களையே திருப்பித் திருப்பிப் போட்டு விக்கணும்னா இப்படி ஏதாவது மாத்தித்தான் ஆகணுமாம். போன வாரம் பளு தூக்குற அக்காவோட மெடலைக் கழட்டி வெச்சுட்டு, கையில கரண்டியைக் கொடுத்துப் படம் எடுத்தோம். மாமியாரை மெச்சினா இதழ் பறக்குமாம்! அந்த மாமியார் யாரோ எவரோ, ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போட்டிருக்க மாட்டாங்க. ஓசியில பேரைத் தட்டிக்கிட்டுப் போயிட்டாங்க!"

அந்த அம்மாளின் முகம் மலர்ந்தது. "நல்லா இரும்மா. இதையே உங்க எடிட்டரம்மா முன்னாடி ஒரு தடவை சொல்றியா?"

"ஐயோ, என் வேலை போயிடும்மா!"

கதவு திறந்தது. வெளியே வந்த ஆசிரியர், வந்திருப்பவரைக் கண்டதும் அப்படியே நின்றார். முகத்தில் அசடு வழிந்தது.

"அடடே, வாங்க சம்பந்தி! எப்ப வந்தீங்க?"