தேய்ந்த எலும்பு

"என் பொண்டாட்டி எவனையோ வீட்டுக்குள்ள விடுறாடா!"

கிரனடாவில் கிட்டார் செய்யும் பால்டோவின் பட்டறைக்குள் யூசெபியோ கத்தினார்.

"என்கார்னா அக்காவா? சும்மா இருங்கண்ணே!"

"போன மாசம் என் கிட்டார் கம்பி மெலிசாச்சு. இப்போ கம்பியைத் தாங்குற எலும்புத் துண்டும் தேஞ்சு, கம்பியை லேசா அழுத்தினாலே போதும்னு ஆயிடுச்சு. கையில பலமில்லாத எவனோ திருட்டுத்தனமா வாசிக்கிறான்."

"பழைய உயரத்துக்கே வேற எலும்பு போட்டுடவா?"

"வேணாம், வாசிக்க நல்லாத்தான் இருக்கு. ஆள் யாருன்னுதான் தெரியணும்."

வெளியேறப் போனவர் கதவுக் குமிழோடு மல்லுக்கட்டினார். "எண்ணெய் போட மாட்டியா?"

பால்டோ எழுந்துபோய் ஒரு விரலால் திறந்துவிட்டான்.

அவர் போனதும், அடுக்கிய பலகைகளின் பின்னாலிருந்து என்கார்னா வந்தாள்.

"எலும்பை இன்னும் கொஞ்சம் தேச்சிடு, பால்டோ. கை தளர்ந்தது அவருக்குத் தெரிய வேணாம். அந்தக் குமிழையும் இளக்கி வை."