மீராலெப்பையின் இரண்டாவது மெஷின்

தேயிலை விலை விழுந்து, தோட்டங்களில் வேலை பாதியாகிவிட்டது. தீபாவளி நெருங்கியும் பூண்டுலோயாவில் மீராலெப்பையின் தையல் கடைக்குத் துணியோடு யாரும் வருவதில்லை. கடை வாடகைக்காக இரண்டு மெஷின்களில் ஒன்றை விற்றுவிட்டார். தூறல் விழுகிறது, வாங்கியவரின் வண்டி வாசலில் நிற்கிறது. இத்தனை வருடம் அந்த மெஷினில் தைத்த வேலையாள் சங்கிலி, அதன் ஊசியைக் கழற்றித் துடைத்து, சக்கரத்துக்கு எண்ணெய் விடுகிறான்.

“விடு சங்கிலி, அவங்க பாத்துக்குவாங்க.”

அவன் கேட்கவில்லை. தானே தூக்கி வண்டியில் ஏற்றி, நனையாதபடி சாக்கால் போர்த்துகிறான். வண்டி போனபின் தன் முக்காலியோடு நிற்கிறான்.

“இத எங்க போடட்டும் முதலாளி?”

மீராலெப்பை கண்ணாடியைக் கழற்றி முகத்தை அழுத்தித் துடைக்கிறார். “எம் மெஷினுக்குப் பக்கத்துல போடு. காலையில நான் தைக்கிறேன், பின்னேரம் நீ தை. கூலி பாதிதான்.”

சங்கிலி முக்காலியைப் போடுகிறான். உட்காரவில்லை; இன்னும் காலை நேரம்தான்.