பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்த கார்

மூன்றாவது காரிலும் அக்காக்காரி நேராகப் பின் சீட்டில்தான் போய் உட்கார்ந்தாள்.

தரகருக்கு இது புதிதாக இருந்தது. பழைய கார் வாங்க வருகிறவர்கள் முதலில் பானெட்டைத் திறக்கச் சொல்வார்கள். டயரை ஒரு உதை உதைப்பார்கள். எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று கேட்பார்கள், அவர் சொல்லும் பதிலை நம்பாமல் சிரிப்பார்கள். பின்னால் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடியை இறக்கி ஏற்றிப் பார்க்கிறவர்களை அவர் கண்டதில்லை.

அதுவும் இடது பக்கக் கண்ணாடியை மட்டும்.

முதலில் காட்டியது சிவப்பு வண்டி. சின்னவளுக்குப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று. காலை வைத்தாலே துள்ளிக்கொண்டு கிளம்பும் ரகம். ஓட்டிவிட்டு இறங்கியபோது அவள் முகமே மாறியிருந்தது. அக்காக்காரியோ, பாதியில் சிக்கி நின்ற பின் கதவுக் கண்ணாடியை விரலால் சுட்டிக் காட்டினாள். அத்தோடு சிவப்பு போயிற்று.

அடுத்தது சாம்பல் நிறம். எஞ்சின் கல்லு மாதிரி. ஆனால் பிரேக்கைத் தொட்டால் உட்கார்ந்திருப்பவர் தலை முன்னால் போய்விட்டு வந்தது. அதையும் வேண்டாம் என்றாள்.

தரகருக்கு ஏனோ எரிச்சல் வரவில்லை. வந்ததுமே சின்னவள் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டாள். வீட்டில் இருந்த வண்டி படுத்துவிட்டது. கையில் இருப்பது கொஞ்சம்தான். பள்ளிக்கூடம் போகிற பெண் குழந்தை ஒன்று இருக்கிறது.

"நான் அவளுக்குச் சித்தி. நான்தான் கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வருவேன்."

பெற்றவள் பின்னால், சித்தி முன்னால். அக்காவும் தங்கையும் இப்படி ஒற்றுமையாக வந்து கார் வாங்குவதை இந்தக் காலத்தில் எங்கே பார்க்க முடிகிறது என்று அவர் மனசுக்குள் மெச்சிக்கொண்டார்.

இந்த மூன்றாவது, நீல வண்டி. பார்க்கப் பெட்டி போல இருக்கும். ஆனால் பின்பக்கம் குழந்தையின் சைக்கிளைப் படுக்கப் போடலாம். வளைவுகளில் ஓட்டுகிறவர் சொன்ன பேச்சைக் கேட்கும். கண்ணாடி வெண்ணெய் போல இறங்கியது, ஏறியது.

ஒரு சுற்று போய்ப் பார்த்துவிடலாம் என்று தரகரும் முன்னால் ஏறிக்கொண்டார்.

பாதி வழியில்தான் அவர் அதைக் கவனித்தார். அக்காக்காரி காரைப் பார்க்கவே இல்லை. முன்னால் தொங்கிய சின்னக் கண்ணாடியில் தெரிந்த சின்னவளின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பின்னால் ஒரு லாரி காது கிழிய ஹாரன் அடித்தது. சின்னவள் பதறவில்லை, ஒதுங்கி வழிவிட்டாள். சந்திலிருந்து ஒரு சைக்கிள்காரர் திடுமென்று குறுக்கே வந்தார். வண்டி குலுங்காமல் நின்றது. கையில் நிறைகுடம் இருந்தாலும் ஒரு சொட்டு சிந்தியிருக்காது.

கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டிருந்த அக்காக்காரியின் கை மெல்ல மடிக்கு வந்தது.

மர நிழலில் வண்டியை நிறுத்தினார்கள். அக்காக்காரி முன் சீட்டுப் பக்கம் குனிந்தாள்.

"இடது பக்கமா உட்கார வை. கண்ணாடிய நாலு விரல் இறக்கி வை. முழுசா மூடினா அவளுக்குக் குமட்டும், வாந்தி எடுத்துடுவா."

சின்னவள் ஸ்டியரிங்கில் இல்லாத தூசியைத் துடைத்தாள்.

"இப்பல்லாம் எடுக்கறதில்லக்கா. நடுவுல உட்காந்து, ரோட்டையே பாத்துக்கிட்டு வருவா. அப்படிப் பாத்தா குமட்டலேன்னு அவளேதான் கண்டுபிடிச்சா."

"எப்பலேருந்து?"

"போன மழைக்காலத்துலேருந்து."

தரகர் திரும்பிப் பார்த்தார். பெற்ற பிள்ளை காரில் எங்கே உட்காரும் என்று பெற்றவளுக்குத் தெரியாதா?

அவர் கேட்கவில்லை. ஆனால் முகம் கேட்டிருக்க வேண்டும். அவள் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"என்கிட்ட எப்பவாவது ஒரு ஞாயித்துக்கிழமைதான் வருவா. நாங்க பஸ்ல சுத்துவோம். மத்தபடி அவ அப்பாகிட்ட, இவங்க வீட்டுலதான். கார் வாங்கறோம், நீங்களும் வந்து பாருங்கன்னு இவதான் கூப்பிட்டா."

தரகருக்கு உறைத்தது. அம்மாவின் தங்கையும் சித்திதான். அப்பா இரண்டாவதாகக் கட்டிக்கொண்டு வருகிறவளும் சித்திதான்.

எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் அவர் டாஷ்போர்டிலிருந்த சின்ன அறையைத் திறந்தார், மூடினார்.

பின்னால் சீட்டு கிறீச்சிட்டது. பெற்றவள் இடது பக்கத்திலிருந்து நடுவுக்கு நகர்ந்திருந்தாள். அங்கே தரை மேடாக இருந்ததால் முழங்கால் இரண்டும் தூக்கிக்கொண்டு நின்றன. இரண்டு முன் சீட்டுகளுக்கும் நடுவில் தெரிந்த சாலையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இடுப்புப் பக்கம் தடவினாள்.

"இங்க பெல்ட் இல்லையா?"

தரகர் இறங்கி ஓடிவந்து, சீட்டின் இடுக்கில் முழங்கைவரை விட்டுத் துழாவி இழுத்தார். பெல்ட் வந்தது. கூடவே யாரோ ஒரு குழந்தை தின்றுவிட்டுச் செருகிய மிட்டாய்த் தாளும் வந்தது. சட்டை முனையால் பெல்ட்டைத் துடைத்துக் கொடுத்தார். அவள் மாட்டிக்கொண்டாள். இழுத்துப் பார்த்தாள். மறுபடியும், இன்னும் பலமாக, இழுத்துப் பார்த்தாள்.

"இதையே எடுத்துக்க" என்றாள். "கிளம்பு. இன்னொரு ரவுண்டு போ. அவள வச்சு ஓட்டற மாதிரியே ஓட்டு."

தரகர் முன்னால் வந்து ஏறிக்கொண்டார். சின்னவள் முன்னால் தொங்கிய கண்ணாடியைக் கொஞ்சம் கீழே சாய்த்தாள். சாவியைத் திருகி, கியரில் கை வைத்தாள். தினம் கேட்டுப் பழகிய வாய், தானாகக் கேட்டுவிட்டது.

"பெல்ட் போட்டாச்சா, கண்ணு?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வண்டி நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. தரகர் திரும்பிப் பார்க்கவில்லை.

"போட்டாச்சு" என்றாள் பெற்றவள்.