படுத்த எட்டு

மகளின் வளைகாப்பில் குத்துவிளக்கைத் தவிர வேறு வெளிச்சமே இருக்கக் கூடாதென்று ஏகாம்பரம் உத்தரவு போட்டிருந்தார். ஃப்ளாஷ் அடிப்பவர்களை அவர் மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. எவனோ தலையில் கட்டிய அந்தப் பழைய ஜெர்மன் லென்ஸ் வீட்டுக்கு வந்த நாள்முதல், வெளிச்சத்தைப் படைத்தவரே தாம்தான் என்பதுபோல நடந்துகொண்டார்.

“மாமா, செல்லுல ஒண்ணு எடுத்துரட்டுமா?” என்று கேட்டார் மாப்பிள்ளை.

“செல்லு எடுக்கத்தான் செய்யும் மாப்ள, பாக்காது. இதுதான் பாக்கும்.”

கேமராவைக் கண்ணில் வைத்து, தூர அளவு பொறித்த லென்ஸ் வளையத்தைத் திருகினார். ஒரு மீட்டரில் மகளின் முகம் துலங்கியது. அவளை உரசி நின்று வளையல் ஏற்றிக்கொண்டிருந்த மனைவி குமுதவல்லி மட்டும் புகையாகவே இருந்தாள். இரண்டு மீட்டர், ஐந்து, பத்து என்று திருகிக்கொண்டே போனார். மலைக்கும் நிலாவுக்கும் வைக்கிற, முடிவில்லாத தூரத்தைக் குறிக்கும் அந்தப் படுத்த எட்டில் வளையம் போய் முட்டியபோதுதான், மூக்குத்திக் கல் வரைக்கும் துல்லியமாகத் தெரிந்தாள்.

“நீங்க எடுக்குறதுக்குள்ள பேரப்புள்ளயே பொறந்துரும் போலருக்கு!” என்று சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். ஏகாம்பரம் சிரிக்கவில்லை. தூரத்து வேட்டுச் சத்தம்போல, அவள் உதடு அசைந்து ஓய்ந்த பிறகே குரல் வந்து சேர்ந்திருந்தது.

“லைட்டப் போடுங்க! எல்லா லைட்டையும் போடுங்க!”

போட்டார்கள். குமுதவல்லி கையெட்டும் தூரத்தில்தான் நின்றாள். ஏகாம்பரம் கேமராவை இறக்கிவிட்டு, அவளைத் தொடக் கையை நீட்டினார். நீட்டிக்கொண்டே இருந்தார்.