டாக்டர் தள்ளிப்போட்ட பாடம்

வார்டில் இருக்கும் கணவருக்கான கஞ்சித் தூக்கோடு சண்முகவடிவு டீச்சர் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரிப் படியேறும்போதே டாக்டர் ரணவீர எதிரே வந்துவிட்டார்.

"வாங்க டீச்சர். மொதல்ல ஒக்காருங்க."

பெஞ்சில் உட்கார்ந்த அவளுக்குச் சிரிப்பு வந்தது. மலைநாட்டுக்கு வரும் சிங்கள டாக்டர்மாருக்காகத் தமிழ்ப் பாடம் தொகுப்பவள் அவள். மருத்துவச்சி, மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர், கொழுந்தெடுக்கும் பெண்கள் என்று ஒவ்வொருவராகப் பிடித்துக் கேட்டுக் கேட்டு எழுதியிருந்தாள். அவளைக் கண்டால் போதும், மனுஷன் படித்ததை ஒப்பிக்கத் தொடங்கிவிடுவார். கடைசிப் பாடத்தை மட்டும், "அது வேணாம் டீச்சர்" என்று தள்ளிக்கொண்டே வந்தார்.

"கூட யாராச்சும் வந்து இருக்கா?"

"வந்திருக்காங்களான்னு கேக்கணுங்க."

"வந்திருக்காங்களா? கொஞ்சம் தண்ணி குடிங்க."

"அப்படித்தாங்க! கடைசிப் பாடத்தையும் ஒருவழியா படிச்சிட்டீங்க. மேல சொல்லுங்க."

டாக்டர் உள்ளே பார்த்துக் கைகாட்டினார். நர்ஸ் நிஜமாகவே ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினாள்.

டீச்சர் அதை வாங்கவில்லை. மடியிலிருந்த தூக்கு இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது.

"டீச்சர்... உங்க வீட்டுக்காரர் செத்துட்டாரு."

வார்டுக் கதவு சாத்தியிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செத்துட்டாருன்னு சொல்லக்கூடாதுங்க டாக்டர்." வகுப்பில் பேசுகிற அதே குரல். "தவறிட்டாருன்னு சொல்லணும். கடைசிப் பாடத்துல அப்படித்தான் எழுதியிருக்கேன்."

"தவறிட்டாரு."

"ம். இப்ப சரிங்க."