பதினைந்து அடி

கேட்டை மறித்து நின்ற அம்பாசிடர் யாருடையது என்று சூரமங்கலத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. எப்போது போகும் என்பது மட்டும் தெரிந்தது. முன் கண்ணாடிக்கு உள்ளே ஒரு தாள் இருந்தது.

"டில்லி ஆக்ரா சுற்றிப்பார்க்க போகிறோம். 18ந் தேதி வந்து எடுத்து கொள்வோம். வண்டியை தொடவேண்டாம்."

செபஸ்தியான் அதை நாலு தடவை படித்தார். மூன்று இடத்தில் ஒற்று விட்டுப்போயிருந்தது. தாள் கண்ணாடிக்கு உள்ளே இருந்ததால் அதைத் திருத்தவும் வழியில்லை.

அவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு ஜங்ஷனுக்கு இரண்டு தெரு தள்ளி. பூசை லீவு வந்தால் ரயிலேறுகிற ஊர்சுற்றிகள் அந்தத் தெருவில் காரை விட்டுவிட்டுப் போவது வழக்கம்தான். ஆனால் இந்தத் தடவை கார் நின்றது அவருடைய கேட்டில்.

பதினாறாம் தேதி, விஜயதசமி காலையில், அந்தக் கேட் வழியாகத்தான் மல்லசமுத்திரத்துப் போர்வெல் ரிக் வண்டி உள்ளே வந்தாக வேண்டும். தெருக் கிணறு வற்றி இரண்டு மாதம் ஆகியிருந்தது. செபஸ்தியான் வீட்டுப் பின்புறத்தில், ஆறு வீட்டுக்கும் பொதுவாகப் போர் போட ஏற்பாடு. அந்த ஒரு நாளை விட்டால் ரிக் ஆந்திராவுக்குப் போய்விடும். பொங்கல் கழித்துத்தான் திரும்பும். அதுவரை அவர் மனைவி இசபெல்லா ஜங்ஷன் குழாயில் குடம் சுமக்க வேண்டும்.

"பதினாறாம் தேதி கேட் திறந்திருக்கும்" என்று செபஸ்தியான் தெருவுக்கு வாக்குக் கொடுத்தார்.

டயரில் காற்றைப் பிடுங்கிவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். காற்றில்லாத வண்டி இன்னும் உறுதியாக நிற்கும் என்றார் செபஸ்தியான். கை பிரேக் பிடிக்காத வண்டி போலிருக்கிறது, பின் சக்கரத்துக்கு ஒரு செங்கல்தான் முட்டு, ராத்திரியோடு ராத்திரியாகத் தள்ளிவிடலாம் என்றார் இன்னொருவர். முப்பத்தொரு வருஷம் ரூல் புத்தகத்தோடு குடித்தனம் நடத்தியவருக்கு அது ஒப்பவில்லை. நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்டார்.

"அடுத்தவன் வண்டிய ஓரடி நகத்துனாலும் திருட்டுக் கேஸ் ஆயிருமுங்க சார்" என்று ஹெட் கான்ஸ்டபிள் சொல்லிவிட்டார். மறுபடி போய்க் கேட்டபோதும் அதே பதில்தான்.

பதினைந்தாம் தேதி ஆயுத பூசை. செபஸ்தியான் மூன்றாம் தடவை போனார். ஸ்டேஷன் ஜீப் சந்தனமும் குங்குமமும் மாலையுமாக நின்றது. முன் சக்கரங்களுக்கு அடியில் இரண்டு எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தது. செபஸ்தியான் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சொந்தக்காரன் ஊரில் இல்லாத வண்டிக்கு வேறு யாராவது பூசை போட்டால் அதற்குக் கேஸ் உண்டா என்று கேட்டார்.

ஹெட் கான்ஸ்டபிள் பொரியை மென்றுகொண்டே சொன்னார்: "சாமி காரியத்துக்கு ஏதுங்க சார் கேஸு?"

வரும் வழியில் இரண்டு எலுமிச்சம்பழம் வாங்கினார்.

"ஏங்க, கோயில்ல ஃபாதருக்குத் தெரிஞ்சா என்ன சொல்லுவாரு?" என்றாள் இசபெல்லா.

"பூசை போடறது எதிர்வீட்டுப் பெரியநாயகி. நான் பழம் மட்டுந்தான் வெக்கிறேன்."

பெரியநாயகி காரைக் கழுவி, பொட்டு வைத்து, சூடம் காட்டினாள். லாரிக்காரர்கள் நிறைந்த அந்தத் தெருவில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும், சக்கரம் ஏறிப் பழம் நசுங்கினால்தான் பூசை முடிந்ததாகக் கணக்கு. செபஸ்தியான் கயிறு பிடித்து அளந்து, முன் சக்கரங்களுக்கு நேராகப் பழங்களை வைத்தார். பதினைந்து அடி தள்ளி.

"பழத்தச் சக்கரத்துக்கு அடியிலதானுங்க வெப்பாங்க" என்றாள் பெரியநாயகி.

"நேரா வெக்கணும்னுதான் வழக்கம். எவ்வளவு தூரத்துலன்னு யாரும் சொல்லி வெக்கல."

செங்கல்லை எடுத்தார்கள். பத்துப் பேர் தள்ளினார்கள். பழம் இரண்டும் நசுங்கின. கேட் திறந்தது.

மறுநாள் ரிக் வந்தது. சாயங்காலம் இருநூற்று நாற்பதாவது அடியில் தண்ணீர் பீறிட்டது.

பதினெட்டாம் தேதி காலையில் கார்க்காரர் வந்தார். ஜேடர்பாளையத்து விவசாயி, பெயர் சின்னுசாமி. கூடவே மனைவியும் நாலு மூட்டையும். செபஸ்தியான் பத்து நாளாகத் தயாரித்து வைத்திருந்த வசனங்களோடு கேட்டுக்கு வந்தார். முதல் வசனம் ஒற்றுப் பிழையைப் பற்றியது.

சின்னுசாமி காரைச் சுற்றி வந்தார். காய்ந்த மாலையைத் தொட்டார். குனிந்து, நசுங்கிய பழத்தைப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"வண்டியப் பூசையில்லாம அநாதையா உட்டுட்டு வந்துட்டமேன்னு இவ ஆக்ராவுல சோறே திங்கலீங்க. ஆரு எவருன்னு தெரியாத வண்டிக்குப் பழத்து மேல ஏத்தி உடற வரைக்கும் செஞ்சிருக்கீங்க."

அந்த அம்மாள் செபஸ்தியானைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

இசபெல்லா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். செபஸ்தியான் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வாயெடுத்தார். கும்பிட்ட கை இன்னும் இறங்கவில்லை. "அதுக்கென்னங்க, மனுசனுக்கு மனுசன்..." என்று இழுத்து, அதையும் முடிக்காமல் விட்டார்.

சின்னுசாமி அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"இனி எந்த ஊருக்குப் போனாலும் வண்டிய உங்க ஊட்டு வாசல்லதானுங்க சாமி உடுவேன். எங்க சொந்தக்காரங்க அத்தன பேருகிட்டயும் சொல்லி உடறனுங்க."